என் மகள் ஓட விடாத ரயில்

1

போன சனிக்கிழமை சம்மாந்துறையைச் சேர்ந்த ஒரு பெண்மணி என் மகளைப் பார்க்க வந்தார். எங்கள் வீட்டுக்கு அல்ல, ரோலர் கோஸ்டருக்கு. அன்று நான் பட்ட பாட்டை ஊரில் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள சாய்ந்தமருதுக்காரன். வட இங்கிலாந்தில் கடலோரமாக உள்ள ஒரு ஊரில் பஸ் ஓட்டுகிறேன். மனைவி பரீதா. ஒரே மகள் ஸஹ்லா, சின்ன வயதில் இங்கே வந்து, இங்கேயே படித்து இஞ்சினியர் ஆனவள். வந்த பெண்மணியின் பெயர் ஜெஸீமா. என்னைவிட மூத்தவர் என்பதால் ராத்தா என்கிறேன். கணவர் மௌத்தான பிறகு அவருடைய நெல் மில்லைத் தனியாக நடத்தி நான்கு ஆண் பிள்ளைகளை ஆளாக்கியவர். கடைசி மகன் ரிப்கான் பர்மிங்ஹாமில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக இருக்கிறான். அவனுக்கும் ஸஹ்லாவுக்கும்தான் பேச்சு நடக்கிறது.

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நாங்கள் பெண் பார்க்கப் போவதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள்தான் பணியாரத் தட்டோடு மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். வீடு மகளுக்கு. ஆகவே எங்கள் ஊரில் பிள்ளையைக் கொடுப்பது என்றால் ஆண் பிள்ளையைக் கொடுப்பதுதான். பெண்ணைப் பெற்றவன் வீடு கட்டி முடிக்கும்வரை அழுகிறான், ஆணைப் பெற்றவள் அதற்குப் பிறகு அழுகிறாள்.

நானும் சாய்ந்தமருதில் ஸஹ்லாவுக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். யார் அதில் இருக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். மகள் கேட்டுவிட்டாள், நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஸஹ்லாவுக்கு ரிப்கானைப் பிடித்திருந்தது. "வாப்பா, நான் கதைக்கக்குள்ள அவர் கேக்கிறார்" என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு ஆண் பிள்ளையைப் பற்றி நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதனால் இந்தச் சம்பந்தம் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று எனக்கு நெஞ்சுக்குள் ஒரே பதைப்பு. நழுவுவதற்கு ஒரு காரணமும் தயாராக இருந்தது.

2

காரணத்தின் ஊற்று என் தங்கச்சி. ஸஹ்லாவுக்கு வேலை கிடைத்தபோது சாய்ந்தமருதிலிருந்து ஃபோனில் கேட்டாள். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

"காக்கா, புள்ள என்ன இஞ்சினியர்? ரோட்டா, கரண்டா?"

"தண்டவாளத்தில ஓடுறத செக் பண்ணுற இஞ்சினியர்."

"அல்லாஹ்! அப்ப கோச்சி இஞ்சினியரா?"

நான் விளக்கத் தொடங்குவதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுநாள் திரும்பவும் எடுத்தபோது ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டிருந்தது. எங்கள் பக்கம் ரயிலே கிடையாது. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடும், கல்முனைக்கு ரயில் வரும் என்பது தேர்தல் மேடையில் மட்டும் ஓடும் ரயில். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் பிள்ளை ரயில் இஞ்சினியர் என்றால் சும்மாவா? பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தவர்கள் என் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம்.

என் மகள் பார்ப்பது அந்த ரயிலை அல்ல. எங்கள் ஊர்க் கரையில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அதில் ஓடும் ரோலர் கோஸ்டர்களைக் காலையில் பரிசோதித்து, இன்று ஆட்களை ஏற்றலாம், ஏற்றக் கூடாது என்று சொல்வதுதான் அவள் வேலை. சம்பளத்துக்கும் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் இதை ஊர்த் தமிழில் எப்படிச் சொல்வது? கானிவல் என்றுதானே சொல்ல வேண்டும்.

கானிவல் என்றால் எங்கள் ஆட்கள் கண்ணுக்கு என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். பெருநாளைக்குக் கடற்கரையில் லொறியில் வந்திறங்கும் ராட்டினமும் தோணி ஊஞ்சலும். டீசல் புகை. ராட்டினத்துக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்து, பெருநாள் முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போகும் ஆட்கள். பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால் ஓடுவார்கள், பெரியவர்கள் ஒருவரும் அவர்களோடு சம்பந்தம் பேச மாட்டார்கள். அவர்களும் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான். என்றாலும் ஊர் வாய் அப்படி.

ரிப்கானைப் பார்க்க இந்த நாட்டுக்கு வந்த ராத்தா, மகனைக் கொடுக்குமுன் பெண்ணையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். ரிப்கானுக்கு உண்மை தெரியும். உம்மாவிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஸஹ்லாவுக்கு மட்டும் எல்லாத் தைரியமும் இருந்தது.

"மாமி என்னப் பாக்கிறதெண்டா வேலையில வந்து பாக்கட்டும் வாப்பா. பொறகு அவங்களுக்குப் புடிக்கல்லையெண்டா சரி. பொய் சொல்லிக் கலியாணம் செய்ய எனக்கு ஏலா."

"வேலைய உடச் சொன்னா?"

"ஏலா."

அவளுடைய தமிழில் பல சொற்கள் வருடா வருடம் உதிர்ந்துகொண்டே போகின்றன. மூத்தவர்களிடம் நீ என்று வாய் தவறும். பாகற்காய் என்ற சொல்லையும் மறந்துவிட்டாள், அந்தக் காயையும் மறந்துவிட்டாள். ஆனால் முடியாது என்பதற்கு நாங்கள் சொல்லும் ஏலா என்ற சொல் மட்டும் அவளிடம் பழுதில்லாமல் இருக்கிறது.

3

ரோலர் கோஸ்டரில் இத்தனை சாதி இருக்கிறது என்று எனக்கு இங்கே வரும்வரை தெரியாது. முதல் தடவை பார்த்தபோது அது கட்டி முடியாத பாலம் என்று நினைத்தேன். இந்த நாட்டிலும் கொந்தராத்துக்காரன் பாதியில் விட்டுவிட்டுப் போவான் போலிருக்கிறதே என்று ஒரு ஆறுதல்.

பிறகு ஸஹ்லா வளர வளர நானும் படித்தேன். அவள் மற்றப் பிள்ளைகளைப் போல ஏறுவதற்கு அடம்பிடிக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று சக்கரத்தைப் பார்ப்பாள். பரீதா பயந்துபோய், பிள்ளைக்கு ஏதோ குறை என்று ஓதித் தண்ணீர் கொடுத்தாள். குறை ஒன்றுமில்லை, அவளுக்கு அது எப்படி விழாமல் நிற்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. தண்டவாளத்தின் மேல் ஒரு சக்கரம், பக்கத்தில் ஒரு சக்கரம், அடியில் ஒரு சக்கரம், மூன்றும் சேர்ந்து தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருக்கின்றன என்று ஒரு நாள் இராச் சாப்பாட்டில் கரண்டியை வைத்து எனக்கு விளக்கினாள். மேட்டில் ஏறும்போது டக் டக் என்று கேட்கிறதே, அது சனத்தைப் பயமுறுத்த அல்ல, சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் வராமல் பல் விழுகிற சத்தம் என்றாள். எனக்கு அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது.

பெயர் விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது குடும்பப் பெயர் என்ன என்று குடிவரவுக் கந்தோரில் கேட்டார்கள். எங்களிடம் ஏது குடும்பப் பெயர்? வாப்பாவின் பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். மருதமுனையைத் தாண்டி அதிகம் போகாத, மீன் வியாபாரியான என் வாப்பா ஆதம்பாவாவின் பெயரால்தான் இப்போது என் மகளை வெள்ளைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு ரோலர் கோஸ்டருக்கும் முன்னால் ஒரு பலகை. அதில் இன்று பரிசோதித்தவர், ஆதம்பாவா. மனுஷன் இருந்திருந்தால் அந்தப் பலகைக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

4

சனிக்கிழமை ரிப்கானுக்கு வேலை. ராத்தாவும் அவனை வர வேண்டாம் என்றுவிட்டாராம், மகன் பக்கத்தில் இருந்தால் தான் பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாது என்று. அவன் பர்மிங்ஹாமில் ரயில் ஏற்றிவிட்டான். நான் எங்கள் ஸ்டேஷனில் போய் நின்றேன். ராத்தா இறங்கினார். கறுப்பு அபாயா, மேலே மகனுடைய குளிர்ச்சட்டை, கையில் தொதல் இனிப்புப் பார்சல். ஸலாம் சொல்லி முடித்ததும் திரும்பி ரயிலைப் பார்த்தார்.

"இந்தக் கோச்சியும் புள்ள பாத்ததுதானோ தம்பி? நல்லா ஓடிச்சி, மாஷா அல்லாஹ்."

எனக்கு வியர்த்தது. இங்கிலாந்தில் வியர்ப்பது லேசான விஷயமல்ல.

காரில் ஏற்றி, கதவைப் பூட்டி, பெல்ட்டும் போட்ட பிறகுதான் சொன்னேன். தங்கச்சியில் தொடங்கிக் கரண்டிவரை எல்லாவற்றையும் சொன்னேன். கடற்கரை வீதிக்கு வந்து, தூரத்தில் தண்டவாளங்கள் வானத்தில் வளைந்து தெரிந்தபோதுதான் ராத்தா வாய் திறந்தார்.

"அப்ப கானிவல்."

"ஓம் ராத்தா."

"எண்ட மகனுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"ம்."

அந்த ஒரு ம் எனக்குப் போதும். சம்பந்தம் போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். பரீதா வீட்டில் விடியற்காலையிலிருந்து சமைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன சொல்வது என்ற கவலை வேறு.

ஸஹ்லா உள்ளே வேலையாக இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியில் மர ரோலர் கோஸ்டரடியில் சந்திப்பதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை ராத்தாவை நான்தான் சுற்றிக் காட்ட வேண்டும். பேச்சு வராத இடத்தில் விளக்கம் கைகொடுக்கும் என்று நானும் ஒரு கைடு போல நடந்தேன்.

முதலில் சின்னப் பிள்ளைகளுடையது. பச்சைப் புழு வடிவத்தில், தரையோடு தரையாக மெதுவாகச் சுற்றி வரும். "இது பரவால்ல" என்றார். "எலெக்ஷன் கேக்கிற ஆக்களையும் இதில ஏத்தலாம், விழுந்தாலும் காயம் வராது."

அவர் பகிடி விட்டதில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அடுத்தது சின்னச் சின்னத் தனிப் பெட்டிகளாக ஓடுவது. பெட்டி விளிம்புவரை நேராகப் போகும், விழப்போகிறது என்று நினைக்கும்போது வெடுக்கென்று திரும்பும். ராத்தா கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, நீங்களும் பஸ் ஓடுற ஆள். இது நம்மட அக்கரைப்பற்றுப் பிரைவட் பஸ் மாதிரியே இரிக்கி."

இரும்பில் வட்டமடித்துத் தலைகீழாகப் போவதைக் கண்டதும் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். "உள்ளுக்கு இரிக்கிறவங்கட சோறு வெளிய வராதா?"

"சில நேரம் வரும் ராத்தா."

இன்னொன்றில் தண்டவாளம் தலைக்கு மேல். ஆட்கள் கீழே கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு பறப்பார்கள். மேடையோரம் கழற்றி வைத்த செருப்புகளைப் பார்த்து, "பள்ளிவாசல் மாதிரி" என்றார். அதற்குப் பக்கத்தில் சங்கிலியே இல்லாதது. மெதுவாக ஏற்றும் வேலை அதில் கிடையாது, காந்தத்தால் ஒரே தள்ளு, கண்மூடித் திறப்பதற்குள் உச்சியில் நிற்கும். அது ராத்தாவுக்கு அறவே பிடிக்கவில்லை. "மனிசனுக்குப் பயப்படக்கூட நேரம் குடுக்க மாட்டானுகளா?"

ஒவ்வொரு பலகையிலும் ஆதம்பாவா என்ற பெயரைக் காட்டினேன். ராத்தா எழுத்துக் கூட்டி வாசித்தார்.

5

மர ரோலர் கோஸ்டர் பூங்காவின் கடைசியில், கடலைப் பார்த்து நிற்கிறது. வெள்ளை பூசிய ஆயிரம் மரச் சட்டங்கள். வண்டி ஓடும்போது முழுதுமே கொஞ்சம் ஆடும், முனகும். ஆட வேண்டும் என்கிறாள் ஸஹ்லா, மரம் ஆடாமல் நின்றால்தான் பயமாம். இங்குள்ள சனத்துக்கு இதன்மேல்தான் பாசம். அன்று பாடசாலை விடுமுறை வேறு, அது திறக்குமுன்பே வரிசை வளைந்து வளைந்து ஐஸ்கிரீம் கடைவரை வந்திருந்தது.

ஸஹ்லா மேடையில் நின்றாள். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட், மஞ்சள் சட்டை, கை நிறையக் கிரீஸ். எங்களைக் கண்டு தலையை மட்டும் அசைத்தாள். ஆட்கள் இல்லாத வண்டியை ஒரு சுற்று ஓட விட்டாள். வண்டி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். திரும்பவும் ஓட விட்டாள். திரும்பவும் கேட்டாள். பிறகு கீழே குனிந்து ஒரு சக்கரத்தை நெடுநேரம் பார்த்தாள். எழுந்து வந்து, வரிசைக்கு முன்னால் சங்கிலியைப் போட்டு, மூடப்பட்டுள்ளது என்ற பலகையை மாட்டினாள்.

வரிசையிலிருந்து பெரிய முணுமுணுப்பு. ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. மனேஜர் வேகமாக நடந்து வந்தார். நல்ல மனிதர்தான், எனக்கும் தெரியும். கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே பேசினார். ராத்தா என் கையைத் தட்டினார்.

"என்ன சொல்றான் அவன்?"

"சத்தம் லேசானதுதானே, பின்னேரம்வர ஓட உட்டிட்டுப் பொறகு பாப்பமே எண்டு கேக்கிறார்."

"புள்ள என்ன சொல்லுது?"

"ஏலாதாம்."

மனேஜர் வரிசையைக் காட்டினார். இன்றைக்கு மட்டும் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். ஸஹ்லா குரலை உயர்த்தவில்லை. கிரீஸ் கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே, அதே சொல்லை இங்கிலீஷில் திருப்பிச் சொன்னாள். மனேஜர் திரும்பி, வரிசையில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போனார்.

"அவன் இவளுக்குப் பெரிய ஆளா?"

"ஓம் ராத்தா, மனேஜர்."

"பெரிய ஆள் சொல்லியும் ஓட உட மாட்டாளா?"

"இவ சரியெண்டு சொன்னாத்தான் ஓடும்."

கானிவலில் வேலை செய்கிற பெண், அதிலும் பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிற பெண். சம்பந்தம் முறிய இதற்கு மேல் என்ன வேண்டும்? ராத்தா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"எங்கட மனிசன் மில்லில மௌத்தானது உங்களுக்குத் தெரியும்தானே தம்பி?"

தெரியும் என்றேன். எப்படி என்று கேட்டதில்லை என்றும் சொன்னேன்.

"வயல் வெட்டுக் காலம். நெல் மூட்டையோட ட்ரக்டர் எல்லாம் மில் வாசல்ல இருந்து றோட்டு வர நிக்கிது. பெல்ட் வழுக்குது, நிப்பாட்டுவம் ஹாஜியார் எண்டு மெசின் பாக்கிறவர் சொன்னாரு. சனம் காத்துக்கொண்டு நிக்கிது, இண்டைக்கு மட்டும் ஓடட்டும் எண்டு இவர் சொன்னாரு. மெசின்காரர் சம்பளத்துக்கு நிக்கிற மனிசன், வாய மூடிட்டாரு. அசர் தொழுகைக்குப் பொறகு பெல்ட் கழண்டிச்சி. இவரே போய் ஓட்டத்தில மாட்டப் பாத்தாரு. உடுத்திருந்த சாரத்தப் புடிச்சி இழுத்திட்டு."

அழவில்லை. பல தடவை அழுது தீர்த்த குரல் அது.

"நான் அந்த மெசின்காரர ஏசாத ஏச்சில்ல. பொறகுதான் நெனச்சன், அந்த மனிசன் என்ன செய்யும்? ஒரு ஏலா சொல்லியிருந்தா வேல போயிருக்கும். ஆனா எண்ட மனிசன் இருந்திருப்பாரு. இண்டைக்கு மட்டும் எண்டு இந்த வெள்ளக்காரனும் சொன்னானெண்டு நீங்க சொன்னீங்களே, எனக்கு நெஞ்சு அடச்சிட்டு தம்பி."

இத்தனை நாளும் நான் மறைக்கப் பார்த்தது மகளுடைய இந்த ஏலாவைத்தானே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

6

ஸஹ்லா கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. மன்னிச்சிக்கங்க. இண்டைக்கு இது ஓடாது. நான் உங்களோட இருந்து கதைக்கவும் ஏலா, சக்கரத்தக் கழட்டணும்."

"வ அலைக்குமுஸ்ஸலாம். நீ போய் அதப் பாரு மனே. நான் இருக்கிறன், அவசரமில்ல. விடியச் சாப்பிட்டியா?"

"இல்ல மாமி."

ராத்தா தொதல் பார்சலைப் பிரித்து ஒரு துண்டு எடுத்து, கிரீஸ் கைக்குக் கொடுக்காமல் நேரே வாயில் ஊட்டினார். மகள் வாய் நிறையத் தொதலோடு, ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு திரும்ப ஓடினாள். பொறுமையிழந்த சனம் மற்ற வரிசைகளுக்குக் கலைந்து போய்க்கொண்டிருந்தது.

ராத்தா அபாயா பையிலிருந்து ஃபோனை எடுத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் கதைப்பார். மருந்துக் கடைக்குள்ளிருந்து ரிப்கான் தாழ்ந்த குரலில், "உம்மா, பாத்தீங்களா? கோவமா?" என்றான்.

"கோவம் உன்னோடதான். மறச்சதுக்கு. அத வந்து கதைக்கிறன். இப்ப கேளு, உன்ன நான் இந்தப் புள்ளைக்குக் குடுத்திட்டன். அவட வேல குறஞ்ச மாசம் எதெண்டு கேட்டு நாள் வையுங்க."

ரிப்கான் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உம்மா, அவட முடிவான சம்மதம் கேட்டீங்களா?"

"அத நீ கேளு மகன். ஏலாதெண்டா அந்தப் புள்ள ஏலாதெண்டுதான் சொல்லும். ஓம் எண்டு சொன்னா, நீ பயமில்லாம நம்பலாம்."